கேட் நோட்டின் முதல் பக்கம்

அந்தப் பிள்ளையின் பெயரை எழில் எங்கேயும் வரவிடவில்லை. செய்தி எழுதிய தாளில் இல்லை, திரையின் அடியில் ஓடிய எழுத்தில் இல்லை, யூடியூப் தலைப்பிலும் இல்லை. ஊர் இல்லை, படித்த பள்ளிக்கூடம் இல்லை, அப்பன் என்ன தொழில் செய்கிறான் என்பதுகூட இல்லை. பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு ஒன்று நடந்துவிட்டால், அது இன்னார் வீட்டுப் பிள்ளை என்று பக்கத்து வீட்டுக்காரன் கண்டுபிடிக்கும்படி ஒரு துரும்பையும் வெளியே விடக் கூடாது. விட்டால் ஆறு மாசம் வரை உள்ளே போகலாம். அவள் வேலை பார்த்த டிவி சேனலின் வக்கீல் கிருபாசங்கர் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து நடத்திய சட்ட வகுப்பில் இதைச் சொன்னார். மற்றவர்கள் டீ குடித்தார்கள். எழில் எழுதிக்கொண்டாள்.

அவள் அப்படித்தான். அவிநாசிக்குத் தெற்கே ஒரு காலனியில், தோட்டத்து வேலைக்குப் போகிற சின்னானின் மகள். அந்தத் தெருவில் டிகிரி வாங்கிய முதல் ஆள். மற்றவர்கள் தப்புச் செய்தால் அது வெறும் தப்பு. இவள் செய்தால், 'இதுகளையெல்லாம் உள்ளே விட்டா இப்படித்தான்' என்று ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை பார்ப்பாள். பார்த்தும்தான் இது நடந்தது.

மில்லில் நடந்தது இதுதான். அவிநாசியைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ஒரு நூல்மில். வெளிமாவட்டத்துப் பெண்களைக் கூட்டிவந்து ஹாஸ்டலில் வைத்து மூன்று ஷிப்டு ஓட்டுகிற இடம். பஞ்சு சிக்கெடுக்கிற மெசினில் ஒரு பிள்ளையின் வலது கை போய், மூன்று விரல் துண்டாகிவிட்டது. பத்தொன்பது வயதுத் தொழிலாளி, சொந்தக் கவனக்குறைவு என்று மில் எழுதிக் கொடுத்தது. போலீசும் அதையே எழுதிக்கொண்டது. பத்தொன்பது என்றால் விபத்து. பதினாலு என்றால் குற்றம். அந்த மெசினுக்குப் பக்கத்திலேயே அவளை நிறுத்தியிருக்கக் கூடாது.

பதினாலுதான் என்று சொன்னவள் மாசாணியம்மாள். எழிலின் காலனிக்கு அடுத்த காலனி. ஹாஸ்டலில் கக்கூஸ் கழுவுகிற வேலை, கூடவே கேட்டில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் பெயரை எழுதுகிற வேலை. எட்டாவது வரை படித்தவள், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஆபீஸ் ரிஜிஸ்டரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பதினெட்டு, பத்தொன்பது என்று போட்டுவிடுவார்கள். கேட் நோட்டில் அவள் ஆதார் ஜெராக்ஸைப் பார்த்து, பிறந்த வருசத்தை உள்ளபடி எழுதியிருந்தாள். மாற்றி எழுது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் எழுதுவதை ஒருத்தர் எடுத்துப் படிப்பார் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கோயமுத்தூர் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தார்கள். அவிநாசிக்காரர் எவரும் வர வேலையில்லாத இடம். மாசாணியம்மாள் நோட்டைத் துண்டில் சுற்றி, மேலே நாலு கட்டு கீரையைப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"பேரு வராதுல்ல கண்ணு?"

"எங்கியும் வராதுங்க்கா. செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"சாகற பேச்செல்லாம் எதுக்கு? பேரு வராம இருந்தாச் சரி."

எழில் அவளிடம் சொல்லிவிட்டே செல்போனில் பேச்சைப் பதிவு செய்தாள். பிறகு பக்கங்களைப் படமெடுத்தாள். அந்தப் பிள்ளையின் பெயர் முதல் பக்கத்திலேயே மூன்றாவது வரியில் இருந்தது. ஆயுத பூஜைக்குப் புது நோட்டுப் போட்ட அதே வாரம் வந்து சேர்ந்த பிள்ளை.

"பூஜையன்னைக்கு ஆபீஸ் நோட்டு, பில் புக்கு எல்லாம் மேசை மேல அடுக்கி, பூசாரி சந்தனம் குங்குமம் வெச்சாரு," என்று மாசாணியம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "என்ர நோட்டையும் கொண்டுபோனேன். 'கக்கூஸ்கிட்ட கெடக்கற நோட்டை ஏன் இங்க கொண்டார? அக்கட்டால வெய்யி'ன்னு போட்டாங்க. போடா மசுருன்னு, சமையக்கட்டுல மஞ்சளைக் கொழச்சு, நடுவுல குங்குமத்தோட நானே வெச்சுக்கிட்டேன்."

எழிலும் சிரித்தாள். அதை அவள் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளவே இல்லை. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று அவள் அம்மா அவளுடைய எல்லா நோட்டிலும் மஞ்சளைக் கட்டைவிரலால்தான் அப்பிவிடுவாள். நோட்டு என்றால் முதல் பக்கத்தில் மஞ்சள் இருக்கும். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

எடிட்டிங்கில் அவளே உட்கார்ந்தாள். பெயர்களை மறைத்தாள். ஊர்களை மறைத்தாள். மில்லின் முத்திரையை மறைத்தாள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள் என்று, பிறந்த வருசத்தைத் தவிர மற்ற எல்லா எழுத்தையும் கட்டம் கட்டமாகக் கலைத்தாள். மில் மேனேஜர் நஞ்சப்பனுக்கு மூன்று தடவை போன் செய்து, எடுக்கவில்லை என்பதையும் செய்தியில் சேர்த்தாள். வக்கீல் சொன்ன ஒன்றையும் விடவில்லை. பக்கத்தின் உச்சியில், கட்டைவிரல் அகலத்துக்கு, குங்குமப் பொட்டை நடுவில் தாங்கிக்கொண்டு அந்த மஞ்சள் மட்டும் பளிச்சென்று அப்படியே இருந்தது.

செய்தி ஏழு மணிக்குப் போனது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மில் முதலாளி குமாரசாமியிடமிருந்து போன் வந்தது. காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தச் சின்ன ஆபீசில், எடிட்டர் கோவிந்தராஜுலு போனை ஸ்பீக்கரில் போட்டு, எழிலைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்ளா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்ளா?"

"சௌக்கியமுங்க. சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங். நேத்து உங்க செய்தி பாத்தனுங்க. நல்லாத்தான் பண்ணியிருக்குது உங்க பொண்ணு. எல்லாத்தையும் மறைச்சிருக்குது. பாவம், பொட்டை மறைக்க உட்டுப்போச்சு."

கோவிந்தராஜுலுவுக்குப் புரியவில்லை. எழிலுக்குப் புரிந்துவிட்டது.

"நம்ம மில்லுல அறுவது நோட்டு இருக்குதுங்க," என்று குமாரசாமி பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போனார். "எல்லாத்துக்கும் சந்தனந்தானுங்க. மஞ்சள் வெச்சது ஒரே ஒரு நோட்டுத்தான். அந்தம்மாவை நேத்து ஏழரைக்கே கூப்பிட்டு விசாரிச்சாச்சு. நோட்டு இப்ப இல்லீங்க, பழசெல்லாம் பாய்லர்ல போட்டாச்சு. உங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் ஒண்ணு வரும். தப்பா நெனச்சுக்காதீங்க. வெச்சுடட்டுங்ளா?"

கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. எழில் அதன் பிறகு பல நாள் யோசித்தாள். அந்த ஆள் கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

நோட்டீஸ் இரண்டு நாளில் வந்தது. சேனல் மீதும் எழில் மீதும் அவதூறு வழக்கு, கிரிமினல். தவிர்க்க வேண்டுமானால் ஒரு வாரத்துக்குள் ஏழு மணிச் செய்தியில் மன்னிப்பு. கிருபாசங்கர் நோட்டீஸைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ சொன்னது உண்மை, பொதுநலனுக்காகச் சொன்னது. சட்டத்துல அதுக்கு எடமிருக்கு. ஆனா உண்மைன்னு நிரூபிக்கிற பொறுப்பு அவங்களுது இல்ல, நம்முளுது. நோட்டு எங்க?"

"எரிச்சுட்டாங்க சார்."

"படம் மட்டும் போதாது. எழுதுனவங்க வந்து, நான்தான் எழுதினேன், பாத்துத்தான் எழுதினேன்னு சொல்லோணும். அந்தம்மா வருமா?"

"வராதுங்க. வரச் சொல்லவும் மாட்டேன். செய்தி குடுத்தவங்களைச் சொல்லக் கூடாதுல்லைங்க சார்?"

கிருபாசங்கர் சிரிக்கவில்லை. "வகுப்புல கடைசி அரை மணி நேரம் நீயும் டீ குடிக்கப் போயிட்டயா? அப்படியொரு சட்டம் நம்ம நாட்டுல இல்ல எழிலு. பிரஸ் கவுன்சில் விசாரணையில சொல்லாம இருக்கலாம், அவ்வளவுதான். கோர்ட்டு கேட்டா சொல்லித்தான் ஆகோணும். சொல்லலைன்னா அதுக்குத் தனியா அனுபவிக்கோணும்."

பெயரை மறைக்க ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் பிள்ளையோடு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்காக நோட்டைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தவளுக்கு ஒரு வரிகூட எவனும் எழுதிவைக்கவில்லை.

"இன்னொன்னு கேக்கறேன்," என்றார் வக்கீல். "வயசுக்கு எது முதல் சாட்சின்னு சொல்லிக்குடுத்தனா இல்லையா?"

எழிலுக்கு ஞாபகம் வந்தது. எழுதிவைத்திருந்தாள். இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டும் வைத்திருந்தாள்.

"பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்."

"ஆமா. கேட் நோட்டு இல்ல, ஆதாரும் இல்ல. அந்தப் புள்ள படிச்ச பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. ரெண்டு நாள் பஸ் ஏறிப் போயி ஹெட்மாஸ்டரைப் பாத்து, அதுல பதினாலுன்னு இருக்குன்னு சொல்ல வெச்சிருந்தீன்னா, இந்தம்மா நோட்டே வேண்டியதில்ல."

ஏன் போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். மில்லுக்குள்ளிருந்தே வந்த நோட்டு என்றால் வேறு எந்தச் சேனலிலும் இருக்காது. 'நமக்கு மட்டும் கிடைத்த ஆவணம்' என்று சிவப்பு எழுத்தில் போடலாம். போட்டாள். காலனிக்காரி கொண்டுவந்தாள் பார், என்று இந்த ஆபீஸே எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்தாள். அந்த ஒரு நாள் கர்வத்துக்கு மாசாணியம்மாள் இப்போது விலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானமே அவிநாசி பஸ் ஏறினாள். மாசாணியம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சோளத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். எழிலைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"வா கண்ணு. சோறு தின்னியா?"

"இல்லீங்க்கா. வேண்டாங்க."

"வேலை போச்சு. எங்கூட்டுக்காரரு மில்லுக்காரங்க தோட்டத்துல பண்ணையத்துக்குப் போயிட்டிருந்தாரு, அதும் போச்சு. அது கெடக்குது." முறம் ஒரு தடவை எழும்பி இறங்கியது. "கையெழுத்துப் போட்டுப்போட்டேன் கண்ணு."

"எதுலைங்க?"

"மேனேஜரு நஞ்சப்பன் டைப் அடிச்சுக் கொண்டாந்தாரு. வயசைக் கொறச்சு எழுதச் சொன்னது அந்த டிவிக்காரப் பொண்ணு, நான் தெரியாம எழுதிப்போட்டேன்னு. போடலைன்னா நோட்டைத் திருடுனேன்னு ஸ்டேசன்ல குடுப்பாங்களாம். எம்பையனையும் சேத்து எழுதுவாங்களாம்."

எழில் வாசற்படியில் உட்கார்ந்தாள். "படிச்சுப் பாத்தீங்ளா?"

"பாத்தேன். அதுதான் கேடு. படிக்காதவளா இருந்தா, என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாதுன்னு மனசுக்குச் சொல்லிக்கலாம். எட்டாவது வரைக்கும் படிச்சுத் தொலைச்சேன்." மாசாணியம்மாள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "சட்டமெல்லாம் படிச்சயாமே நீ. இத்தாச்சோட்டுப் பெரிய மஞ்சள் உன்ர கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க்கா. வித்தியாசமாத் தெரியலைங்க. எங்கூட்லயும் அப்படித்தான் வெப்பாங்க."

மாசாணியம்மாள் முறத்தில் கிடந்த கல்லொன்றைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு, "அது சரி. சந்தனம் வெச்ச ஊட்ல பொறந்திருந்தீன்னா தெரிஞ்சிருக்கும்," என்றாள். அதில் கோபம்கூட இல்லை.

"என்னைத் திட்டுங்க்கா."

"திட்டி என்ன ஆகோணும்? உன்ர செல்லுல என்ர பேச்சு இருக்குதுல்ல? அதைக் கோர்ட்டுல போட்டாக்க நீ தப்பிச்சுக்குவே?"

"ஆமாங்க."

"நான்?"

எழில் பொய் சொல்லவில்லை. "கையெழுத்துப் போட்டது பொய்யின்னு ஆயிருங்க. நோட்டை எடுத்தாந்ததும் வெளிய வந்துருங்க."

"அப்பப் போடாத."

முறத்தின் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று உக்கடத்தில் எழில் ஒரு தடவை வாக்குக் கொடுத்திருந்தாள். இன்னொரு தடவை வாக்குக் கொடுக்க அவளுக்குக் கூசியது. எழுந்து, "வாரேங்க்கா," என்று மட்டும் சொன்னாள்.

"ம். பஸ்ஸு அஞ்சேகாலுக்கு இருக்குது."

மன்னிப்புக்குக் கெடு வைத்த கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு எழில், கோவிந்தராஜுலு, கிருபாசங்கர் மூவரும் எடிட்டர் அறையில் உட்கார்ந்தார்கள். தாளை மில்லின் வக்கீலே தயார் செய்து அனுப்பியிருந்தார். மூன்றே வாக்கியம். வெளியிட்ட பதிவேடு உண்மையானதல்ல. விபத்தில் சிக்கிய தொழிலாளி பத்தொன்பது வயது நிறைந்தவர். தவறுக்கு வருந்துகிறோம். கீழே இரண்டு பெயர், இரண்டு கையெழுத்துக்கு இடம்.

"போட்டுரு எழிலு," என்றார் கோவிந்தராஜுலு. நல்ல மனிதர்தான். அவருடைய கண் கீழேயே இருந்தது. "இந்த மாவட்டத்துல பாதிக் கேபிள் அவங்க மச்சினன் கையில. நாளைக்கு நம்ம சேனலை இழுத்து வெளிய போட்டா, இங்க பதினாலு பேரு எங்க போவாங்க?"

"ரெண்டாவது வாக்கியத்தைப் படிச்சீங்ளா சார்?"

"படிச்சேன்."

"நாம இதைச் சொல்லிட்டா அந்தப் புள்ளைக்கு எல்லாக் காகிதத்துலயும் பத்தொம்பதுதான். மில்லு சொல்லுச்சு, போலீஸ் சொல்லுச்சு, இப்ப டிவியும் சொல்லிருச்சும்பாங்க. மூணு வெரலு அவ கவனக்குறைவுல போனதா ஆயிரும்."

"அந்தப் புள்ளையோட அப்பாவே பத்தொம்பதுன்னு எழுதிக் குடுத்துட்டாராமே."

"அவரும் மாசாணியக்கா மாதிரிதான் எழுதிக் குடுத்திருப்பாரு."

கீழே டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றிருந்தது. எழில் வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"சார் போடட்டும். நான் மட்டும் போடலைன்னா?"

"சேனலை உட்டுருவாங்க. கேஸ் உன்மேல மட்டும் வரும். வேலையும் இருக்காது."

"கேஸ் வந்தா, பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைக் கொண்டாரச் சொல்லி நான் கோர்ட்ல கேக்கலாமுங்ளா?"

கிருபாசங்கர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "குற்றம் சாட்டப்பட்டவ கேக்கலாம். உன்ர தரப்பை நிரூபிக்க அது வேணும்னு மனுப் போடலாம். ஜட்ஜ் ஒத்துக்கிட்டு சம்மன் அனுப்புனா, ஹெட்மாஸ்டர் பதிவேட்டோட வந்துதான் ஆகோணும்."

"கேஸ் இல்லாம வேற யாரு கேட்டாலும் குடுப்பாங்ளா?"

"உனக்கோ எனக்கோ குடுக்க மாட்டாங்க. அப்பன் கேக்கலாம், அவர்தான் அவங்க பக்கம் போயிட்டாரே. வழக்குன்னு ஒண்ணு இருந்தாத்தான்." அவர் நிறுத்தினார். "ஆனா அவங்க புத்திசாலிங்க. சேனல் மன்னிப்புக் கேட்ட பொறகு, உன்னை மட்டும் எதுக்குக் கோர்ட்டுக்கு இழுக்கோணும்னு உட்டாலும் உட்டுருவாங்க."

"உட மாட்டாங்க. நாளைக்கு என்ர பேருல, என்ர மூஞ்சியைக் காட்டி நானே மறுபடி சொல்லுவேன். நோட்டுப் படம் போட மாட்டேன். புள்ள பேரு, ஊரு சொல்ல மாட்டேன். மில்லு பேரைச் சொல்லி, வயசு பதினாலுன்னு மட்டும் சொல்லுவேன். மன்னிப்புக் கேக்க முடியாது, முடிஞ்சா கேஸ் போடுங்கன்னு சொல்லுவேன்."

"உனக்குப் பைத்தியமா?" என்றார் கோவிந்தராஜுலு.

"இல்லீங் சார். இத்தனை நாளு இருந்துச்சு."

கிருபாசங்கர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஆஜராகறேன். ஆனா முழுசாக் கேட்டுக்கோ. அந்த மாசாணியம்மாளை அவங்க சாட்சியாக் கொண்டாருவாங்க. இந்தப் பொண்ணுதான் எழுதச் சொல்லுச்சுன்னு அது கூண்டுல நின்னு சொல்லும். அன்னைக்கு நீ பதிவு பண்ணுன பேச்சை நான் போட்டாத்தான் அதை ஒடைக்க முடியும்."

"போடக் கூடாதுங்க."

"குறுக்கு விசாரணையாவது..."

"அவங்களை ஒரு கேள்வி கேக்கக் கூடாதுங்க சார்."

"கேக்காம உட்டா, ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். பொய்யா ஆவணம் எழுத வெச்சவன்னு உன்மேல எழுதப்படும். பள்ளிக்கூடப் பதிவேடு வந்து, வயசு பதினாலுன்னு நிரூபணமானாலும், உன்னை நம்ப மாட்டேன்னு ஜட்ஜ் சொல்லலாம். புள்ள ஜெயிச்சு நீ தோக்கலாம். ரெண்டு வருசம் வரைக்கும் குடுக்கலாம். பொறகு எந்தச் சேனல்லயும் உள்ள உட மாட்டாங்க. அப்பனைக் கேட்டியா? சின்னானுக்குத் தெரியுமா இது?"

எழில் தலையை ஆட்டினாள். தெரியாது. மகள் டிவியில் வருகிறாள் என்று அப்பா அவிநாசி டீக்கடையில் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். இனிமேலும் வருவாள். வேறு மாதிரி வருவாள்.

"பதிவேடு கோர்ட்டுக்கு வந்தா, வயசு கோர்ட்டுக் காகிதத்துல ஏறுமில்லைங்க?"

"ஏறும்."

"அப்புறம் அந்தப் புள்ளைக்காக வேற யாராச்சும் கேஸ் போட்டா, அதைக் காட்டலாமில்லைங்க?"

"காட்டலாம்."

"அப்பச் சரிங்க."

அவள் தாளைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். கழுத்தில் கிடந்த சேனல் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். கோவிந்தராஜுலு அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தாளை இழுத்து, எழில் என்ற பெயரை அடித்துவிட்டு, தன் பெயருக்கு மேல் கையெழுத்துப் போட்டு, வெளியே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

"இதை ஏழு மணிக்குத் தலைப்புச் செய்திக்கு முன்னாடி வெச்சுரும்மா."